கொழும்பு மேடையும் கே. பி. சுந்தராம்பாளும்: ஒரு சமூகவியல் நோக்கு

தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோர் 1926ஆம் ஆண்டினை ஒரு காதற்கதையின் தொடக்கமாகவே பெரிதும் நோக்கி வந்துள்ளனர். கொடுமுடி சுந்தராம்பாளும் செங்கோட்டை கிட்டப்பாவும் கொழும்பிற் சந்தித்தனர், ஒன்றாக நடித்தனர், மறு ஆண்டு மணம் புரிந்தனர் என்று அக்கதை செல்லும். சந்திப்பு ஏன் கொழும்பில் நிகழ்ந்தது என்ற வினாவை அவ்வரலாறுகள் எழுப்புவதில்லை. மதுரையிலோ தஞ்சையிலோ நிகழ்ந்திருக்கக்கூடியது தற்செயலாகக் கடல்கடந்த ஊரொன்றில் நிகழ்ந்ததுபோல அது சொல்லப்படுகின்றது. ஈழத்து நாடக வரலாறுகளோ, இந்தியக் கம்பனிகளின் வருகையை நமது மரபுக்குப் புறம்பானதொரு வணிகச் செயலாகக் கருதி ஓரிரு வாக்கியங்களிற் கடந்துவிடுகின்றன. இவ்விரு மௌனங்களுக்கும் இடையில் விடுபட்டுப்போனது கொழும்பின் தமிழ் மேடையும், அம்மேடையில் உழைத்த பெண்ணுமாகும்.

அக்காலத்துக் கொழும்பு எத்தகையது? துறைமுகம், புகையிரதப் பகுதி, மாநகரசபைத் துப்புரவுப் பணி, வெள்ளவத்தை நெசவாலை ஆகியவற்றில் உழைத்தோருள் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் கணிசமானவர். செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைகள். புறக்கோட்டையில் இந்திய வணிகரின் துணிக்கடைகளும் அரிசிக்கடைகளும். கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் தொழிலாளரும் சிறு வியாபாரிகளும் நெருங்கி வாழ்ந்த தோட்டங்களும் ஒழுங்கைகளும். 1922இல் ஏ. ஈ. குணசிங்க இலங்கைத் தொழிற்சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1923இல் கொழும்பு ஒரு பொது வேலைநிறுத்தத்தைக் கண்டது. 1927இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதாவது, மாதச் சம்பளமோ நாட்கூலியோ காசாகப் பெற்று, இரவில் ஓய்வுகொள்ள ஊரும் உறவும் அருகில் இல்லாத ஆண்கள் திரளாக வாழ்ந்த நகரம் அது. கோயில் திருவிழாவோடும் அறுவடையோடும் பிணைந்த கூத்துக்கு அங்கு இடமில்லை. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் நாடகத்துக்கு இடமிருந்தது.

வழி 1914இல் எளிதாயிற்று. பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின், சென்னை எழும்பூரில் றெயிலேறியவர் கொழும்பு கோட்டையில் வந்திறங்குதல் இயல்பான பயணமாயிற்று. ஆர்மோனியப் பெட்டியோடும் உடைப்பெட்டிகளோடும் நடிகர் வந்த அதே பாதையில்தான், மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரும் வந்தனர். (1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டதனால், அப்பாதை எவ்வளவு சாதாரணமானதாயிருந்தது என்பதை இன்று உணர்வது கடினம்.) இரு கூட்டத்தாரும் ஒப்பந்தத்தின்பேரிலேயே கடல் கடந்தனர். ஒப்பந்தங்களின் தன்மை வேறு. எனினும் உழைப்பை விற்கக் கடல் கடக்கும் நிலை பொதுவானது.

சுந்தராம்பாளின் இளமையை இந்தப் பின்னணியில் நோக்குதல் வேண்டும். 1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்தவர் அவர். தந்தையின்றி, தாய் பாலாம்பாளின் பராமரிப்பில், வறுமையே சூழலாக வளர்ந்தார். றெயில் வண்டிகளிற் பாடிக் காசு பெற்ற சிறுமி என்றே அவரது வாழ்க்கை வரலாறுகள் அவரை அறிமுகம் செய்கின்றன. அப்படிப் பாடியபோது குரலைக் கேட்டு வியந்தவர்கள் வேலு நாயரின் நாடகக் கம்பனியிற் சேர்த்துவிட்டனர் என்பர். அவருக்குக் கிடைத்த முதல் வேடங்களுள் ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் மூத்த பிள்ளையின் வேடம். பசியால் அழும் பையனாக, பசியை அறிந்த பெண்குழந்தையொன்று மேடையில் நின்று பாடிற்று. இதனைத் தெய்வ அருளின் வெளிப்பாடாகக் கூறுவோர் பலர். குழந்தை உழைப்பு என்று கூறுவோர் குறைவு. நாம் பின்னதையே பொருத்தமாகக் கொள்கிறோம். அக்காலத்துப் பாய்ஸ் கம்பனிகள் அனைத்தும் ஏழைக் குடும்பத்துச் சிறுவரின் குரலை மூலதனமாகக் கொண்டவையே. குரல் உடையும் பருவம் வந்ததும் பல சிறுவர் வேடமிழந்து வீதிக்கு வந்தனர். பெண்குழந்தைக்கு அத்தடை இல்லை. ஆனால் அவளுக்கு வேறு தடைகள் காத்திருந்தன.

இவ்விடத்து ஸ்பெஷல் நாடகம் என்ற அமைப்பின் இயக்கத்தைச் சற்று விரிவாக விளக்குதல் அவசியம். அதனை விளங்காமல் சுந்தராம்பாளின் உயர்வை விளங்க முடியாது. பழைய கம்பனி முறையில் முதலாளி ஒருவர் நடிகர் அனைவரையும் தம்முடன் வைத்து உணவூட்டி, ஊர்ஊராக அழைத்துச் சென்றார். ஸ்பெஷல் முறையில் கம்பனி என்பதே இல்லை. ஊரிலுள்ள ஒப்பந்தக்காரர் ராஜபார்ட்டை ஓரிடத்திலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோரிடத்திலிருந்தும், பபூனையும் ஆர்மோனியக்காரரையும் வேறிடங்களிலிருந்தும் தனித்தனியாகப் பேசி அழைப்பார். அவர்கள் மாலையில் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் முதன்முறையாகக் காண்பதும் உண்டு. ஒத்திகை கிடையாது. எனினும் விடியும்வரை நாடகம் தடையின்றி நடைபெறும். இதனைச் சாத்தியமாக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலான அவரது நாடகங்களின் பாடல்களும் வசனங்களும் தமிழ்நாடெங்கும் எல்லா நடிகருக்கும் மனப்பாடமாயிருந்தன. ஒரே அச்சில் வார்க்கப்பட்ட உறுப்புகளை எந்த இயந்திரத்திலும் பொருத்தலாம் என்பதுபோல, ஒரே பாடம் பயின்ற நடிகரை எந்த மேடையிலும் பொருத்த முடிந்தது. சுவாமிகளைப் பக்திமானாகவும் புலவராகவும் போற்றுவோர், நடிப்புழைப்பினை ஒரு சந்தைப் பொருளாக நடமாடச் செய்த ஒழுங்கமைப்பாளரும் அவரே என்பதைக் காணத் தவறிவிடுகின்றனர்.

இம்முறையின் விளைவு இருமுகமானது. முதலாளியின் சோற்றிலிருந்து நடிகர் விடுபட்டனர். தம் உழைப்புக்கு விலைபேசும் உரிமை பெற்றனர். மறுபுறம், நோயுற்ற நாளில் ஊதியமில்லை. குரல் போனால் வாழ்வில்லை. பெயர்பெற்ற ஒரு சிலருக்கு ஓரிரவு ஊதியம் ஏறிக்கொண்டே செல்ல, துணைவேடக்காரர் பழைய வறுமையிலேயே கிடந்தனர். பெண் நடிகையைப் பொறுத்தவரை மாற்றம் இன்னும் கூர்மையானது. பாரம்பரியமாக ஆடலும் பாடலும் தேவதாசியர் குலத்தொழிலாகக் கோயிலோடும் நிலவுடைமையாளரின் ஆதரவோடும் கட்டுண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கும்பகோணம் பாலாமணி அம்மாள் முற்றும் பெண்களையே கொண்ட கம்பனி ஒன்றை நடத்தினார். அவரது நாடகம் பார்க்க வருவோருக்காகவே றெயில்கள் விடப்பட்டு, அவை ‘பாலாமணி ஸ்பெஷல்’ என வழங்கப்பட்டன. ஆடம்பரமும் பட்டும் வைரமும் சாரட்டு வண்டியுமாக வாழ்ந்த அவர் இறுதியில் வறுமையில் மறைந்தார். அவரை ஒழுக்கக்கேட்டின் உருவமாகக் காட்டியவர்களே அவரது நாடகத்துக்குச் சீட்டு வாங்கியவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். சுந்தராம்பாள் மேடைக்கு வரும்பொழுது இந்த ஆதரவு அமைப்பு உடைந்துகொண்டிருந்தது. நிலப்பிரபுவின் வீட்டுக்குப் போகாமல், சீட்டு விற்ற பணத்தில் வாழக்கூடிய பாடகியாக அவர் நின்றார். அதற்கு வேண்டிய கூட்டத்தைத் தந்த நகரங்களுள் கொழும்பு ஒன்று.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில், நாலணாச் சீட்டில் நிலத்தில் அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கும் சொல் தெளிவாகக் கேட்கவேண்டும். உச்சஸ்தாயியில், அடித்தொண்டையை மறைக்காமல், எழுத்தெழுத்தாக உச்சரித்துப் பாடும் அக்காலத்துக் குரல்முறை கொட்டகையின் பௌதிகத் தேவையிலிருந்து உருவானது. சபைச் சங்கீத விமரிசகர் இதனை ‘நாடகப் பாட்டு’ என்று சற்று இளக்காரத்துடன் குறிப்பிட்டனர். ஆனால் சுந்தராம்பாளின் குரலில் இறுதிவரை நிலைத்த அந்தக் கணீரென்ற தெளிவு, கடைசி வரிசைக்குப் பாடிப் பழகியவரின் தெளிவாகும். கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவினால் பாட்டு மீண்டும் தொடங்கும், கதை நிற்கும். மேடையின் மீதான ஆட்சி கொட்டகையிலிருந்தோரின் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிட்டப்பா 1906இற் பிறந்தவர், பிராமணர், சிறுவயதிலேயே மேடையேறி, பின் கன்னையா கம்பனியின் ஆடம்பரக் காட்சிகளுக்கு நடுவே புகழின் உச்சியை அடைந்தவர். கொழும்பில் சுந்தராம்பாளுக்குப் பெருங்கூட்டம் கூடுவதைக் கண்ட ஏற்பாட்டாளர் கிட்டப்பாவையும் அழைத்து இருவரையும் இணைத்தால் வசூல் பெருகும் எனக் கணக்கிட்டனர். அவரோடு பாடினால் உன் பாட்டு எடுபடாது என்று சுந்தராம்பாளை எச்சரித்தவர்களும் இருந்தனராம். இணைத்து வைத்தது வசூற்கணக்கு என்பதை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை.

இருவருக்கும் புகழ் தந்தது வள்ளி திருமணம். தினைப்புனங் காக்கும் வேடுவப் பெண்ணிடம் முருகன் வேடனாகவும் கிழவனாகவும் வந்து வழக்காடும் நாடகம் அது. அதன் உயிர் வேலனுக்கும் வள்ளிக்கும் இடையிலான தர்க்கத்தில் உள்ளது. எழுதிய பாடல்களுக்கு இடையில், அன்றைய இரவுக்கென இருவரும் கட்டிக்கொள்ளும் வாதமும் எதிர்வாதமும் பல மணிநேரம் நீளும். பெண்ணொருத்தி பொதுவெளியில் ஓர் ஆணை, அதுவும் தெய்வமாகிய ஆணை, சொல்லாலும் சுருதியாலும் மடக்குவதைக் காணக் கூட்டம் கூடிற்று. கொழும்புக்கு இக்கதை அந்நியமானதன்று. ஆண்டுதோறும் ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமாக வேல் ஊர்வலம் செல்லும் நகரம் இது. கதிர்காமத்து வள்ளியைத் தமிழரும் சிங்களவரும் தமக்குரியவளாகக் கருதும் நாடு இது. தமிழ்நாட்டிலே புராணமாக நடிக்கப்பட்ட கதை இங்கு அயலூர்க் கதையாகக் கேட்கப்பட்டிருக்கும்.

1927இல் திருமணம் நிகழ்ந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இருவரும் இணைந்து கானசபா என்ற பெயரிற் குழு அமைத்து நடித்தனர். பிறந்த குழந்தையும் இறந்தது. பிரிவும் மனக்கசப்பும் தொடர்ந்தன. கிட்டப்பாவுக்குச் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் சில அச்சில் வெளிவந்துள்ளன. அவற்றிற் புலப்படும் பெண், பிற்காலத்துத் திரைப்படங்கள் நமக்குக் காட்டிய சாந்தமான மூதாட்டி அல்லள். கேள்வி கேட்பவள், கண்டிப்பவள், தன் உழைப்பால் வாழ்பவள் என்ற மிடுக்கினை விடாதவள். சொந்த வருமானமுள்ள பெண்ணும் தாம்பத்தியத்தில் இரண்டாம் இடத்திலேயே வைக்கப்படும் முரண்பாட்டினைத் தமிழில் அவ்வளவு நேரடியாக எழுதிய பெண்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. அக்கடிதங்களைக் காதற் கடிதங்கள் என்று தொகுத்து இரங்குவதோடு நமது விமரிசகர் நின்றுவிட்டமை வருந்தத்தக்கது. 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில், கிட்டப்பா காலமானார். இருபத்தைந்து வயதான சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை உடுத்தார். இனி ஆடவருடன் இணைந்து நடிப்பதில்லை என உறுதிகொண்டார்.

இவ்வுறுதியை எவ்வாறு விளங்கிக்கொள்வது? கற்பின் வெற்றி என்று கொண்டாடுவது ஒரு வழி. பழைமைக்குப் பணிந்தார் என்று தள்ளுவது இன்னொரு வழி. இடதுசாரிகளுட் சிலர் இவ்வழியிற் சென்றதுண்டு. நமக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஒப்பந்தக்காரர் விரும்பும் எவருடனும் இணைத்து விற்கப்படும் நிலையிலிருந்து ஒரு நடிகை விலகுவதற்கு அக்காலச் சமூகம் அனுமதித்த மொழி விதவைக் கோலத்தின் மொழி ஒன்றே. அம்மொழியை அவர் மனப்பூர்வமாகவே பேசினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் பயனாக, யாருடன் எவ்வேடத்தில் தோன்றுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரது கைக்கு வந்தது.

அடுத்து நிகழ்ந்தது இதனை உறுதிசெய்கின்றது. நந்தனார் படத்தில் நடிக்குமாறு அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வேண்டியபோது, மறுப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபா கேட்டார் என்பர். அக்காலத்தில் எவரும் கேட்டிராத தொகை. தயாரிப்பாளர் இணங்கினார். மறுப்பாகச் சொல்லப்பட்டதை மூலதனம் விலையாக எடுத்துக்கொண்டது. 1935இல் வெளிவந்த அப்படத்தில் ஆடவரோடு இணைசேராமல், தாமே ஆடவராக, தீண்டாமைக்குட்பட்ட நந்தனாக அவர் நடித்தார். வேதியராக நடித்தவர் கர்நாடக சங்கீத உலகின் பெரும் வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். நாடகக் கொட்டகையிலிருந்து வந்த பெண் பண்ணையடிமையாகவும், சபை மேடையின் பிராமண வித்துவான் நிலவுடைமையாளராகவும் எதிரெதிரே நின்று பாடிய அக்காட்சியில், கதைக்கு அப்பாற்பட்ட வர்க்க முரண்பாடும் ஒலித்தது எனலாம். படத்தைப் பற்றிக் கல்கி எழுதிய எள்ளல் விமரிசனம் இன்றும் பேசப்படுகின்றது. அவ்வெள்ளலிற் கலைநோக்கு எவ்வளவு, கொட்டகைக் கலைஞர்மீது படித்த நடுத்தரவர்க்கம் கொண்டிருந்த ஒவ்வாமை எவ்வளவு என்று பிரித்தறிதல் வேண்டும்.

தேசிய இயக்கம் அவரை வேறு வகையாகப் பயன்கொண்டது. சத்தியமூர்த்தி போன்றோர் நாடகக் கலைஞரின் ஆற்றலை உணர்ந்து அவர்களைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்தனர். எழுத்தறியாத மக்களிடம் இயக்கத்தை எடுத்துச்சென்றதில் இக்கலைஞரின் பங்கினைத் தியடோர் பாஸ்கரனின் 1981ஆம் ஆண்டு நூல் விரிவாக நிறுவியுள்ளது. 1951இல் சுந்தராம்பாள் சென்னை மேலவை உறுப்பினரானார். கூத்தாடி என்று ஒதுக்கப்பட்ட தொழிலிலிருந்து சட்டமன்ற அவைக்குச் சென்ற முதற்பெண் அவர். ஆனால் தேர்தற் கூட்டங்களிற் பாடிய ஏனைய நூற்றுக்கணக்கான ஸ்பெஷல் நடிகர், நடிகையர் விடுதலைக்குப் பின் பழைய கொட்டகைக்கே திரும்பினர். அதே காலத்தில் நமது மலையகத்தில், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பாடல்களாக்கித் தொழிற்சங்கக் கூட்டங்களிற் பாடிவந்தார். இவ்விரு பெண் குரல்களையும் அருகருகே வைத்து நோக்கும் ஆய்வொன்று அவசியமானது. ஒன்று சந்தையின் வழி இயக்கத்துக்கு வந்தது. மற்றது இயக்கத்திலேயே பிறந்தது.

கொழும்பின் தமிழ்க் கொட்டகைக்கு என்ன நேர்ந்தது? பேசும்படம் வந்தது, நாடகம் வீழ்ந்தது என்பது வழக்கமான விடை. 1931இல் காளிதாஸ் வெளிவந்ததன் பின் கொட்டகைகள் படமாளிகைகளாக மாறியது உண்மையே. ஆனால் பார்வையாளர் என்ன ஆயினர் என்பதையும் கேட்கவேண்டும். உலகப் பொருளாதார மந்தம் துறைமுகத்தைத் தாக்கியது. குணசிங்கவின் தொழிற்சங்கம் முப்பதுகளில் இந்தியத் தொழிலாளருக்கு எதிரான இனவாதத்தை உரத்துப் பேசத் தொடங்கிற்று. 1933இல் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தைக் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் இடதுசாரிகள் வழிநடத்தியபோது, குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார். 1939இல் அரச சேவையிலிருந்த இந்திய நாட்கூலித் தொழிலாளரை வேலைநீக்க அரசாங்கம் தீர்மானித்தது, பேச நேரு வந்தார், பயனில்லை, இந்தியா தொழிலாளர் குடியகல்வைத் தடைசெய்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எஞ்சியோரையும் நாடற்றவராக்கிற்று. நாலணாச் சீட்டு வாங்கி நிலத்தில் அமர்ந்து ‘ஒன்ஸ்மோர்’ கேட்டவனை அரசியல் இந்நகரத்திலிருந்து அகற்றியது. நாடகத்தின் வீழ்ச்சியைச் சினிமாவின் மீது மட்டும் சுமத்துவோர் இதனைக் காண்பதில்லை.

அறுபதுகளிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் (1962), இராவணேசன் முதலியவற்றால் கூத்துக்குப் புத்துயிரளித்தமை ஈழத்தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அதன் பெறுமதியை நாம் சிறிதும் குறைக்கவில்லை. ஆனால் மண்ணின் மரபைத் தேடிய அந்த வேட்கை, கடல் கடந்து வந்த கொட்டகை நாடகத்தைக் கலப்பு என்றும் பார்ஸி வழிவந்த மலினம் என்றும் ஒதுக்கியது. கிராமத்து விவசாயியின் கலை தேசியமாயிற்று. நகரத்துத் துறைமுகத் தொழிலாளியின் கலை அந்நியமாயிற்று. பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கத்தின் சபை நாடகங்களுக்கு நமது வரலாற்றில் உரிய இடம் உண்டு. அவற்றிலே பெண்வேடத்தை ஆண்களே தாங்கினர். பெண்ணே பெண்ணாக நின்று உழைத்த மேடைக்கு இடமில்லை. முற்போக்கு விமரிசகரும் இந்த ஒதுக்கலுக்குப் பொறுப்பாளிகளே. அவர்களின் மாணவர் என்ற முறையில் நாமும் அப்பொறுப்பிலிருந்து விலகமுடியாது.

சிங்கள அரங்கு இவ்விடயத்தில் வேறு பாதையிற் சென்றது. அதுவும் பார்ஸி மரபிலிருந்தே நூர்த்தியைப் பெற்றது. 1911இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபம் ஜோன் டி சில்வாவின் நாடகங்களால் சிங்களத் தேசிய உணர்வின் களமாயிற்று. அங்கு கலப்பு மரபு தேசிய மரபாக ஏற்கப்பட்டது. அம்மரபின் வழி வந்த பெரும் நட்சத்திரம் யார்? 1923இல் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்த டெய்சி ராசம்மா டானியல்ஸ். ருக்மணி தேவி என்ற பெயரிற் சிங்கள மேடையில் அவர் பாடினார், ஜயமான்ன சகோதரரின் மினர்வா குழுவில் நடித்தார், மதுரையில் எஸ். எம். நாயகம் தயாரித்து 1947 ஜனவரியில் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான கடவுணு பொறொந்துவவின் கதாநாயகியானார். 1978இல் வாகன விபத்தில் அவர் இறந்தபோது நாடே துக்கித்தது. கொழும்பின் தமிழ்க் கொட்டகை சிதைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்ப் பெண்ணொருத்தியின் குரல் சிங்கள மேடையில் ஏறிற்று. அவரது பெயரில் இருந்த ராசம்மா மறைந்ததும், அவ்வாண்டுகளின் தொழிற்சங்க அரசியலும் ஒரே வரலாற்றின் பகுதிகள்.

சுந்தராம்பாள் பின்னர் ஔவையாராக (1953), பூம்புகாரிற் கவுந்தியடிகளாக (1964), மீண்டும் திருவிளையாடலில் ஔவையாராக (1965) நடித்தார். துணைவன் படத்திற் பாடியதற்காக 1969க்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் பெற்றார். வாதாடும் வள்ளியாகத் தொடங்கியவர் நரைத்த தலையோடு நீதி சொல்லும் மூதாட்டியாக உறைந்துபோனார். 1980இல் மறைந்தார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவரது இசைத்தட்டுகளைக் காத்துவந்த வீடுகள் எத்தனையோ 1983 ஜூலையில் எரிந்தன. மதுரை, புதுக்கோட்டைப் பகுதிக் கிராமங்களிலோ திருவிழா இரவுகளில் வள்ளி திருமணம் இன்றும் நடைபெறுகின்றது. ஒத்திகை இல்லை. மாலையில் பஸ்ஸில் வந்திறங்கும் ஸ்திரீபார்ட் நடிகை, அன்றிரவுக்குரிய வேலன் யாரென்று விசாரித்தறிந்துகொண்டு அரிதாரம் பூச அமர்கிறார்.